கோபன்ஹேகன் போன கோரை

வரப்பில் நிற்கும் கோரையின் தண்டு ஒன்றைப் பறித்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டாயிருந்தால் வழுக்கிக்கொண்டு உருளும். கோரைத் தண்டு இடறும். பெரும்பாலான கோரைகளின் தண்டு உருண்டையானதன்று, மூன்று பட்டைகள் கொண்டது என்பதே காரணம். புல்லையும் கோரையையும் ஒன்றெனக் கொள்வது நம் வழக்கம். தாவரவியலார் அவற்றை வெவ்வேறு குடும்பங்களாக வைத்திருக்கின்றனர். கோரைக் குடும்பத்தில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 5,500 இனங்கள் உண்டு.

உழவருக்குக் கோரை ஒரு களை. பாய் முடைபவருக்கு அது பிழைப்பு. தாவரவியல் படிப்பவருக்கோ பெரிய தலைவலி. ரோஜாவைப் போலவோ செம்பருத்தியைப் போலவோ கண்ணைக் கவரும் மலர் அதற்கு இல்லை. முற்றிய விதையும், மண்ணுக்கடியில் உள்ள தண்டும் கையில் இல்லாவிட்டால் பல கோரைகளை இன்னதென்று உறுதியாகச் சொல்லவே முடியாது.

இந்தக் குடும்பத்தில், நாம் படுத்துறங்கும் பாயைத் தரும் கோரைக்கு விஞ்ஞான உலகம் வைத்திருக்கும் பெயர் 'சைப்பெரஸ் பாங்கோரை'. முதற்சொல் பேரினத்தின் பெயர். கிரேக்க வழி வந்தது. இரண்டாம் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்பாதி நம் 'கோரை'யேதான். இலத்தீன் எழுத்தில் அது 'கே' என்று தொடங்காமல் 'ஜி' என்று தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். ஙகர மெய்யை அடுத்து வரும் ககரத்தை நாம் மெலிந்த ஒலியாகத்தான் சொல்கிறோம். 'தங்கம்', 'மாங்காய்' என்று சொல்லிப் பாருங்கள். ஏட்டைப் பார்த்து எழுதியவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். எவரோ ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு எழுதிய சொல் இது. எழுதப்பட்டு 250 ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

தரங்கம்பாடி வைத்தியர்

டென்மார்க் நாட்டினர் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியைத் தம் வசம் வைத்திருந்தனர். அங்கிருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு 1768இல் மருத்துவராக வந்து சேர்ந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். இவர் சாதாரண வைத்தியரல்லர். தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸின் நேர் மாணாக்கர். ஆசிரியரிடம் கற்ற வித்தையைச் சோழநாட்டுக் கடற்கரையில் கடைப்பிடிக்கத் தொடங்கினார். செடிகளைப் பறித்தார், அழுத்தி உலர்த்தினார், கப்பலேற்றி அனுப்பினார்.

உலர்த்தும் முறை மிக எளியது. செடியைத் தாள்களுக்கிடையே விரித்து வைத்து, மேலே பாரம் ஏற்றி, ஈரத்தை உறிஞ்சும் தாள்களை நாள்தோறும் மாற்றிவர வேண்டும். ஈரம் முழுவதும் நீங்கியபின் கெட்டித் தாளொன்றில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டில் செடியின் பெயர், பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். இத்தகைய தாள்களின் தொகுப்புக்கு 'ஹெர்பேரியம்' என்று பெயர். தொடக்க காலத்தில் தாள்களைப் புத்தகமாகத் தைத்து வைத்தனர். தைத்துவிட்டால் வரிசையை மாற்ற முடியாது. தாள்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டால் வேண்டியபோது இடம் மாற்றலாம் என்று வற்புறுத்தியவர் லின்னேயஸ். சீட்டுக்கட்டை ஒத்த இந்தச் சின்ன யோசனை பெரிய காரியம் செய்தது. தஞ்சைத் தரணியின் கோரையையும் எகிப்தின் கோரையையும் ஒரே மேசைமேல் அருகருகே வைத்துப் பார்க்க அதன்பிறகே வழி பிறந்தது.

கோனிக் அனுப்பியவற்றுள் கோரைகள் கோபன்ஹேகனில் பேராசிரியர் கிறிஸ்டன் ராட்பெல் கைக்குப் போயின. அவர் 1773இல் வெளியிட்ட நூலில் படங்களோடு பல கோரைகளை முதன்முதலாக விவரித்தார். அந்நூலில் அவர் அமைத்த கைலிங்கா, ஃபுயிரெனா என்னும் இரு பேரினங்களும் தம் நாட்டுத் தாவரவியலார் இருவரை நினைவுகூர்பவை. ஆனால் நம் பாய்க்கோரைக்கு டென்மார்க் பெரியவர் எவர் பெயரையும் அவர் வைக்கவில்லை. தமிழ்ப் பெயரையே இலத்தீனில் வழங்கிவிட்டார்.

ஒரே செடி, இரண்டு பெயர்

இதற்குள் வங்காளத்தில் இன்னொரு கதை நடந்தது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், பாய் முடையும் கோரை ஒன்றைக் கண்டு 'சைப்பெரஸ் டெகெட்டம்' எனப் பெயரிட்டார். 'பாய்களுக்குரியது' என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். அவர் இறந்த பின், 1820இல் அச்சான நூலில் அப்பெயர் வெளிவந்தது. ஆக, பாய்க்கோரைக்கு இலத்தீனில் இரண்டு பெயர்கள்: ஒன்று தமிழ்ச்சொல், மற்றது அதே பயனைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

இரண்டும் ஒரே செடிதானா? புத்தக வருணனைகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. 'தண்டு நீண்டது, இலை குறுகியது' என்றால் எதைக்காட்டிலும் நீண்டது, எதைக்காட்டிலும் குறுகியது? ஒருவர் எந்தச் செடியைப் பார்த்துக்கொண்டு எழுதினாரோ, அந்தச் செடியே மேசைக்கு வரவேண்டும். இதைத் தாவரவியலார் மூலமாதிரி என்பர். பௌதிகத்தில் கிலோகிராமுக்கு ஒரு பிளாட்டினக் கட்டியைப் பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்தோம் அல்லவா, அதுபோல. அந்தக் கட்டிக்கு 2019இல் ஓய்வு கொடுத்துவிட்டோம். தாவரவியலின் மூலமாதிரிகளுக்கு ஓய்வு இல்லை. மாதிரிகளை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்ற முடிவு ஏற்பட்டது. முந்திய பெயரே நிலைக்கும் என்பது விதி. 1773ஆம் ஆண்டின் தமிழ்ப் பெயர் நின்றது. 1820இன் இலத்தீன் பெயர் விலகியது.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்கும், நாம் கேட்க விரும்பும் கேள்வி 'இது என்ன செடி?' என்பது மட்டுமாக இருந்தால். இன்று கேட்கப்படுவது வேறு கேள்வி: 'இது எங்கே, எப்போது இருந்தது?'

கோனிக் காலத்துத் தாள்கள் இந்த இடத்தில் நம்மைக் கைவிடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் 'இந்தியா' என்றோ 'தரங்கம்பாடி' என்றோ இருப்பதற்கு மேல் இடக்குறிப்பு இராது. தரங்கம்பாடி என்றால் ஊரின் குளக்கரையா, காவிரியின் கிளைவாய்க்காலா, பல காத தூரம் நடந்து சென்று பறித்து வந்ததா? கப்பலேறிய துறைமுகத்தின் பெயர்தான் சீட்டில் ஏறியதா? அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. உலகில் என்னென்ன செடிகள் உள்ளன என்ற பட்டியலைத்தான் அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு 'இந்தியா' என்பதே போதுமானதாயிருந்தது. அதே தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ராட்லர் பாதிரியார் இதில் வேறுபட்டவர். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு 1799–1800இல் போய் மீண்ட பயணத்தில் தாம் கண்ட செடிகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1803இல் ஜெர்மன் மொழியில் அச்சாயின. எந்த வழியில், எந்தப் பருவத்தில் கண்டார் என்பதாவது அதில் தெரிகிறது.

அச்சிட்ட சீட்டின் பொய்

சீட்டில் ஆண்டு இருந்தாலும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். 1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியச் செடிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்தார். ரங்கையா, கோவிந்து என்னும் நம் ஓவியர்கள் அவருக்காக வரைந்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவர் சேர்த்த கோரைகளை ஜெர்மனியின் நீஸ் வான் எசென்பெக் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1834இல் வைட்டின் வெளியீட்டிலேயே இடம்பெற்றது. பிற்காலத்தில் வைட்டின் தொகுப்பிலிருந்த மிகைத் தாள்களை லண்டன் அருகே உள்ள கியூ தோட்டத்தார் உலகின் பல தொகுப்புகளுக்குப் பகிர்ந்தளித்தனர். அவற்றின்மீது அச்சிட்ட சீட்டு ஒன்று இருக்கும். அதில் இடம்: 'இந்தியத் தீபகற்பம்'. ஆண்டு: 1866–67.

விவரம் அறியாதவர் இதைப் படித்தால், 1866இல் தென்னிந்தியாவில் பறிக்கப்பட்ட செடி என்று குறித்துக்கொள்வார். உண்மையில் அது பகிர்ந்தளித்த ஆண்டு. வைட் இந்தியாவை விட்டுப் புறப்பட்டதே 1853இல்! பறித்த நாளுக்கும் சீட்டின் ஆண்டுக்கும் இடையே முப்பது ஆண்டு வித்தியாசம்கூட இருக்கலாம். இடமோ குமரிமுனை முதல் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இன்று பல நாட்டுத் தொகுப்புகள் தம் தாள்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டன. பழைய சீட்டின் பிழை பளபளப்பான திரையில் வரும்போது இன்னும் நம்பத் தோன்றுகிறது, அதுதான் ஆபத்து.

என் போன்றோருக்கு ஆறுதல் தரும் ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரநூலில் கோரைக் குடும்பத்தை எழுதியவர் சார்லஸ் பாரன் கிளார்க். அப்பகுதி அடங்கிய ஆறாம் தொகுதி 1890களில் வெளிவந்தது. கிளார்க் படித்ததும் கற்பித்ததும் கணிதம். 1856இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றவர். வங்காளத்தில் பள்ளி ஆய்வாளராகச் சுற்றிய காலத்தில் வழியெல்லாம் செடி பறித்தார். எண்களில் பழகிய கண்ணுக்குக் கோரையின் சின்னஞ்சிறு வேறுபாடுகள் பிடித்துப்போயின போலும். சென்னை மாகாணத்துக்கெனத் தனியாக கேம்பிள் தொடங்கிய தாவரநூலை, அவர் 1925இல் மறைந்தபின் தொடர்ந்து முடித்தவர் கோயம்புத்தூரில் வனத்துறையில் பணிபுரிந்த ஃபிஷர். இவர்கள் காலத்துக்குள் சீட்டின் வடிவம் மாறிவிட்டது. பறித்தவரின் வரிசை எண், நாள், ஊர், கடல்மட்டத்துக்கு மேல் உயரம், சதுப்பா வரப்பா என்ற குறிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி வரி வந்தது.

வெற்றிடமும் பூஜ்யமும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் பதிவேடு எழுதும்போது அட்டவணையில் சில கட்டங்களைக் காலியாக விடுவதுண்டு. 'என்னப்பா இது?' என்று கேட்டால், 'பூஜ்யம் சார்' என்பார்கள். அளந்து பார்த்துப் பூஜ்யம் வந்ததா, அளக்கவே இல்லையா? முன்னது ஓர் அளவீடு. பின்னது வெறும் வெற்றிடம். இரண்டையும் ஒன்றாக்கி வரைபடம் போட்டால் கோடு எங்கோ போய்விடும்.

ஹெர்பேரியத் தாள்களைக் கொண்டு ஒரு செடியின் சரித்திரத்தை எழுத முயல்பவருக்கும் இதே சங்கடம். ஓர் ஏரியிலிருந்து 1930இல் பறித்த கோரைத் தாள் ஒன்று இருக்கிறது. அதன்பின் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கோரை அழிந்துவிட்டதா, அந்த ஏரிக்கு யாரும் போகவில்லையா? போனவர் சேற்றில் இறங்கக் கூசி, கரையிலிருந்த மலர்ச்செடியோடு திரும்பிவிட்டாரா? இருந்ததற்குத் தாள் சாட்சி சொல்லும். இல்லாததற்குச் சாட்சி சொல்லாது. சேகரிப்போர் சாலை ஓரங்களுக்கும் கல்லூரி உள்ள ஊர்களுக்கும்தான் அடிக்கடி போவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் தாள்கள் கிடைத்த இடங்களைப் புள்ளியிட்டால், பல வேளைகளில் தெரிவது கோரை பரவிய வழியன்று, பேருந்து ஓடிய வழி!

பாய்க்கோரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் காவிரியை ஒட்டி அதை வயலில் நட்டே வளர்க்கிறார்கள். அது இந்த மண்ணுக்கு உரிய செடிதான். ஆனால் ஓரிடத்தில் நிற்கும் கோரை தானே முளைத்ததா, நட்டதா என்பதைச் சீட்டு சொல்லாவிட்டால், ஒரு பண்ணைப் பயிரை இயற்கைத் தாவரம் எனக் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

இதெல்லாம் தாவரவியலார் தமக்குள் பேசித் தீர்க்கும் சங்கதி என்று விட்டுவிட முடியாது. தரங்கம்பாடியிலிருந்து தெற்கே நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் கோடிக்கரை இருக்கிறது. அது 1967இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2002இல் அப்பகுதிச் சதுப்புகள் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய இடத்தைப் பாதுகாக்க வருபவரின் முதற்கேள்வி, எதைப் பாதுகாப்பது என்பதே. சீமைக் கருவேலத்தை அகற்றலாம், அது வந்தேறி என்று எல்லோருக்கும் தெரியும். அகற்றிய இடத்தில் எவை திரும்பி வரவேண்டும்? முன்னர் எவை இருந்தன என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். சோழநாட்டுக் கடற்கரையில் 18ஆம் நூற்றாண்டிலேயே தேர்ந்த தாவரவியலார் நடந்திருக்கிறார்கள். உலகில் பல நாடுகளுக்கு இந்தப் பேறு கிடையாது. ஆயினும் 'தரங்கம்பாடி' என்ற ஒற்றைச் சொல் சீட்டைக் கொண்டு, இந்தச் சதுப்பில் இந்தக் கோரை நின்றது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது.

முன்பதிவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜஸ்தானத்தின் பரத்பூர் கேவலாதேவ் நீர்நிலம் நல்ல எடுத்துக்காட்டு. 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த இடத்துக்குச் சைபீரியக் கொக்குகள் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்தன. சேற்றைக் கிளறிக் கோரைக் கிழங்குகளை எடுத்துத் தின்பது அவற்றின் வழக்கம். இடம் தேசியப் பூங்காவானதும் 1982இல் எருமைகளும் மாடுகளும் உள்ளே மேயக் கூடாது என்று தடை விதித்தார்கள். ஊரார் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மேய்ச்சல் நின்றால் பறவைகள் செழிக்கும் என்பது அறிஞர்களின் எதிர்பார்ப்பு.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980 முதல் 1990 வரை அங்கே தொடர்ந்து ஆய்வு நடத்தினர். தடைக்கு முந்திய நிலையும் பிந்திய நிலையும் ஒரே ஆய்வில் அகப்பட்டது அதன் பேறு. கிடைத்த விடை எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. எருமை மேய்ந்து மட்டுப்படுத்தி வந்த ஒருவகை நீர்ப்புல் கட்டின்றிப் பெருகி, திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது; பறவைகளுக்கு அது நன்மையாயில்லை. 1982க்கு முந்திய பதிவுகள் இல்லாதிருந்தால், 'இந்த நீர்நிலம் எப்போதுமே இப்படித்தான்' என்று எவரேனும் சொல்லியிருப்பார். மறுக்க வழி இராது. சைபீரியக் கொக்குகள் 2001–02 குளிர்காலத்துக்குப் பின் அங்கே காணப்படவில்லை. அதற்கு வலசைப் பாதையில் நடந்த வேட்டையையே முதன்மைக் காரணமாகச் சொல்வர். கோரையின்மேல் பழி போட முடியாது.

பழைய தாளால் எதிர்பாராத பயனும் விளைவதுண்டு. 1987இல் உட்வர்டு என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் கேம்பிரிட்ஜ் தொகுப்பில் 200 ஆண்டுக் காலத்தில் உலர்த்திய மர இலைகளை நுண்ணோக்கியில் வைத்து, அவற்றின் மூச்சுத்துளைகளை எண்ணினார். அக்காலத்தில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. காற்றில் கரியமில வாயு பெருகியதால் இலைக்கு அத்தனை துளைகள் தேவைப்படவில்லை. இலையை ஒட்டியவர்களுக்குக் கரியமில வாயுக் கணக்கு தெரியாது. ஆனால் நாளை எழுதி வைத்திருந்தார்கள்! அது இல்லையேல் அந்த இலைகள் வெறும் சருகு.

சென்ற தை மாதம் எங்கள் கல்லூரித் தாவரவியல் நண்பரோடு கரூர்ப் பக்கம் போயிருந்தேன். வாய்க்கால் கரையில் ஆளுயரம் நின்ற கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தார். சீட்டில் நாளையும், கைக்கருவி காட்டிய அட்சரேகை தீர்க்கரேகையையும் குறித்தவர், பக்கத்து வயலில் கோரை அறுத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் போனார்.

"ஏனுங்கம்மா, இதுக்கு என்ன பேருங்க?"

"பாய்க்கோரைங்க."

"வாய்க்கா ஓரத்துல நிக்கறதும் நீங்க நட்டதுங்களா?"

"வயல்ல இருக்கறதுதான் நட்டதுங்க. அது தானா வந்தது. எங்க மாமியார் காலத்துல இருந்தே நிக்குது."

நண்பர் சீட்டைத் தொடைமேல் வைத்து எழுதினார். வட்டாரப் பெயர்: பாய்க்கோரை. இடம்: வாய்க்கால் கரை, ஈர மண். நடப்பட்டதன்று, வயல்காரப் பெண்மணியின் சொல்.